பெரியம்மா இஸ்தானாவுக்குப் போன கதை

சிங்கப்பூரில் கோடை கிடையாது; கோடை விடுமுறை மட்டும் உண்டு. பூமத்திய ரேகைக்கு 137 கிலோமீட்டர் வடக்கே உட்கார்ந்திருக்கும் ஊரில் பருவங்களைப் பிரித்துப் பேசுவது வீண் வேலை. ஜனவரியில் வேர்க்கும். நவம்பரில் மழையில் நனைந்துகொண்டே வேர்க்கும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, 1983ஆம் ஆண்டின் சாதனையை எட்டிப் பிடித்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. நான் மதுரைக்குத் தொலைபேசி போட்டுப் பெருமையாகச் சொன்னேன். "முப்பத்தேழா? எங்க ஊருக்கு அது மார்கழிடி" என்று பெரியம்மா அந்தச் சாதனையை ஒரே வரியில் அடக்கம் செய்துவிட்டார்.

விடுமுறையை இங்கே சூரியன் தீர்மானிப்பதில்லை, கல்வி அமைச்சு தீர்மானிக்கிறது. மே கடைசியில் தொடங்கி ஜூனில் நான்கு வாரம். தமிழ்நாட்டிலோ ஏப்ரல் கடைசியிலேயே பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக் கோடை இந்த இரண்டுக்கும் நடுவே வந்து விழுகிறது. என் பிள்ளைகள் இன்னும் பை சுமந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே பெரியம்மா பெட்டிகள், ஒரு பேரன், வடகம் மூட்டை சகிதம் சாங்கியில் வந்து இறங்கிவிடுவார். வந்தவர்களுக்கு ஊரைக் காட்ட வேண்டும். செந்தோசாவில் டிக்கெட் வாங்கி ராட்டினம் ஏறுகிற இடங்களுக்கு ஒரு பட்டாளத்தைக் கூட்டிப்போனால், திரும்பி வந்து மூன்று மாதம் ரசம் மட்டும் வைக்க வேண்டியிருக்கும். ஆகவே நாங்கள் இலவச நிகழ்ச்சிகளின் ரசிகர்கள்.

அதற்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. சமூக மன்றத்தில் குடும்ப தினம் நடக்கும். காற்றடைத்த ரப்பர் கோட்டையில் பிள்ளைகள் குதிக்க, பெரியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வந்து, கைதட்டி, புகைப்படம் எடுத்து முடியும்வரை அன்பளிப்புப் பை வெளியே வராது. உள்ளே என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரு பொட்டலப் பானம், ஒரு பிஸ்கட், ஏதோ ஒரு நல்ல பழக்கத்தை வலியுறுத்தும் வாசகம் அச்சடித்த விசிறி. தெரிந்தும் வரிசையில் நிற்போம். ஆகஸ்டில் தேசிய தின அணிவகுப்பு என்றால் டிக்கெட்டுக்கே குலுக்கல். டிக்கெட் கிடைத்தவர்களைவிட, அங்கே தரும் பை கிடைத்தவர்களைத்தான் எங்கள் குடும்பத்தில் பாக்கியசாலிகள் என்போம். போர் விமானம் பறந்ததை அடுத்த வாரம் மறந்துவிடலாம். அந்தப் பை பல வருடம் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் சுமக்கும்.

இலவசம் என்றால் பணம் செலவில்லை என்று பொருள். உறவினர்களை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே மனநிலையில் கொண்டுவந்து சேர்க்கும் செலவு அதில் சேராது. அந்தப் பொறுப்பு என் தலையில். வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி நான்தான். அதற்கு யாரும் தேர்தல் நடத்தவில்லை.

அப்படி ஒரு மே தினத்தன்று நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் இஸ்தானா. அதிபரின் அலுவல் மாளிகை. ஆர்ச்சர்ட் ரோடு பக்கத்தில் 100 ஏக்கருக்கு மேல் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது. உள்ளே ஒன்பது குழி கோல்ஃப் மைதானம்கூட உண்டு. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தொழிலாளர் தினம், தேசிய தினம், தீபாவளி ஆகியவற்றையொட்டிப் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். 1960களிலிருந்தே நடந்துவருகிற பழக்கம். 'ஓப்பன் ஹவுஸ்' என்றுதான் எல்லோரும் சொல்வது. புல்தரையில் துண்டை விரித்து உட்காரலாம், பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கலாம், பாண்டு வாத்தியம் கேட்கலாம். நிழலும் உண்டு.

பெரியம்மாவுக்கு வேறொரு கவர்ச்சி. "அந்தத் தமிழ்ப் புள்ளதான இப்ப அங்க இருக்காரு?"

அதிபர் தர்மன் சண்முகரத்னத்தைத்தான் சொன்னார். இலங்கைத் தமிழ் வம்சாவளி, 2023 செப்டம்பரில் பதவியேற்றவர், 70 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கியவர் என்று என் மகள் பள்ளியில் படித்ததை ஒப்பித்தாள். பெரியம்மா இதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. மதுரைக்காரருக்குத் தேர்தல் என்றால் ஒரே கேள்விதான்.

"என்ன சின்னம்?"

"அன்னாசிப்பழம், பாட்டி."

பெரியம்மா அந்த நொடியே சிங்கப்பூர் அரசியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டுவிட்டார்.

சந்திக்கும் இடம் டோபி காட் ரயில் நிலையம். இஸ்தானா வாசல் அங்கிருந்து நடை தூரம். தவிர, மூன்று பாதைகள் கூடுகிற நிலையம் அது. நாங்கள் செங்காங்கிலிருந்து ஊதா நிற வண்டியில், லிட்டில் இந்தியாவைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். மாமாவும் அத்தையும் தோ பாயோவிலிருந்து சிவப்பு வண்டி. சித்தி பாய லேபாரிலிருந்து வட்டப் பாதை. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இதைவிடக் கச்சிதமான திட்டம் கிடையாது. 1987இல் ஒரு பாதையோடு திறந்த நிலையம், 2003இல் இன்னொன்று, 2010இல் மூன்றாவது என்று நிலத்துக்கடியில் ஐந்து தளம் வரை வேர்விட்டு வளர்ந்திருக்கிறது. வாசல்கள் மட்டும் ஏ, பி, சி என்று ஒரு பாலர் பள்ளிக்குப் போதுமான எழுத்துகள். காலை பத்து மணிக்குக் குழுவில் என் செய்தி: "எல்லாரும் டோபி காட்ல பத்தரைக்கு." எந்த வாசல் என்று நான் எழுதி முடிப்பதற்குள் ஏழு கட்டைவிரல்கள் வந்து விழுந்துவிட்டன. கட்டைவிரல் போட்டவர்கள் அதற்குப் பிறகு எதையும் படிப்பதில்லை.

பத்தே முக்காலுக்குச் சித்தி அழைத்தாள். "எங்கிட்ட என்னமோ சொல்லி எல்லாரையும் வண்டிய விட்டு எறக்கிட்டாங்கடி. வட்டப் பாதைன்னுதான சொன்ன? வட்டத்துக்கு ஏது முனை?"

நியாயமான கேள்வி. கணக்கு வாத்தியார் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் இந்த ஊர் வட்டத்தின் ஒரு முனை டோபி காட்டில்தான் முடிகிறது. "எறங்கின இடம்தான் சித்தி நம்ம இடம். அப்படியே மேல வா." அவள் மேலே வந்தாள், வேறொரு மேலே. பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதிக்குள் வந்து சேர்ந்து, அங்கே செருப்புத் தள்ளுபடி என்று கண்டுபிடித்து, குழுவில் படத்தோடு அறிவித்தாள். அத்தை உடனே மாமாவைச் சிவப்புப் பாதை நடைமேடையிலேயே விட்டுவிட்டுச் செருப்பை நோக்கிப் புறப்பட்டார். மாமாவிடம் கைப்பேசி உண்டு. அது எப்போதும் அத்தையின் கைப்பைக்குள் இருக்கும்.

என் வீட்டுக்காரர் இம்மாதிரி நாள்களில் பேசுவதில்லை. பைகளைத் தூக்குவார். புளியோதரை அடுக்கு, தண்ணீர், பாய், குடைகள், பெரியம்மாவின் 'எதுக்கும் இருக்கட்டும்' பை என்று ஐந்தையும் இரண்டு கையில் ஏந்தி, நகரும் நடைபாதையில் அசையாமல் போய்க்கொண்டிருந்தார். முகத்தில் துறவிகளிடம் காணப்படும் ஓர் அமைதி.

மாமாவைக் கடைசியில் இஸ்தானா பூங்காவில் பார்த்தோம். யாருக்காகவும் காத்திராமல் மேலேறிப் போய், எங்கள் குடும்பத்தையே சேராத ஏதோ பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். மாமா ஓய்வு பெற்றதிலிருந்து இப்படித்தான். ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை, நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"இந்தா இந்த ரோட்டோரம் ஒரு ஓடை ஓடுச்சு அக்கா. இப்ப கால்வாயா மூடிட்டாங்க. நம்ம ஊர்லேருந்து வந்த சலவைக்காரங்க இங்கதான் தொவைப்பாங்க. அந்தா ஒய்எம்சிஏ தெரியுதா, அந்தப் பக்கத்துப் புல்வெளியில காயப் போடுவாங்க. வீடு வீடா அழுக்குத் துணி எடுத்துட்டு வருவாங்க."

பெரியம்மா ஆர்ச்சர்ட் ரோட்டின் கண்ணாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தார். "துணி மாறிப் போகாதா?"

"மையில குறி போடுவாங்கக்கா. யாரு வீட்டுத் துணின்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அது மாதிரி ஒண்ணு இவங்களுக்கும் போட்டு விடுடி," என்று பெரியம்மா எங்கள் பிள்ளைகளையும், பிளாசா சிங்கப்பூராவிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த சித்தியையும் அத்தையையும் கை காட்டினார். ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு. இலவச நிகழ்ச்சியின் முதல் செலவு.

மாமா விடவில்லை. நிலையம் கட்ட வேண்டும் என்று ஆம்பர் மேன்ஷன்ஸ் என்ற பழைய அடுக்கு வீட்டை 1984இல் இடித்தார்கள். 1939இல் திறந்த கேத்தே கட்டடத்தில் குளிரூட்டிய திரையரங்கு இருந்தது. 1974இல் இதே பிளாசா சிங்கப்பூராவில் யாவோஹான் என்ற ஜப்பானியக் கடை வந்ததும், அங்கே பயறு வைத்த ரொட்டிக்கு ஊரே வரிசை நின்றது. "ஒங்க அத்தைய மொதமொதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போனேன்." அத்தை புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்த்தபடியே, "ரொட்டி வாங்கித் தரலயே, வரிசை நீளம்னு சொல்லிக் கூட்டியாந்துட்டாரே" என்றார். ஐம்பது வருட ஆதங்கம், குரல்கூட உயரவில்லை.

வெயில் ஏறிவிட்டது. பூங்காவிலேயே இஸ்தானா மரபுடைமைக் கூடம் என்று ஒன்று இருக்கிறது. 2016இல் திறந்தது, அனுமதி இலவசம், அதைவிட முக்கியம், உள்ளே குளுகுளு. வெளிநாட்டுத் தலைவர்கள் வந்துபோகும்போது கொடுத்த அன்பளிப்புகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். பெரியம்மா ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். கல்யாண வீட்டில் பாத்திரம் அடுக்கிய மேசையைப் பார்க்கிற அதே பார்வை.

"இதெல்லாம் வந்தவங்க வச்ச மொய்யா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

"யாரு யாரு என்ன வச்சாங்கன்னு எழுதிருக்காங்களா?"

பக்கத்திலேயே குறிப்பு இருந்தது. பெரியம்மாவுக்குப் பரம திருப்தி. "அதான பாத்தேன். எழுதி வைக்காத மொய் என்ன மொய்? நாளைக்கு இவங்க அங்கிட்டுப் போறப்ப திருப்பிச் செய்யணுமில்ல?" வெளியுறவுக் கொள்கை என்று தடிமனான புத்தகம் எழுதுகிறவர்கள் பெரியம்மாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம்.

சாலையைக் கடந்து மாளிகை வாசலில் வரிசையில் நின்றபோது பெயர் பெயராக எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். ஒருவர் அதிகம். மாமாவிடம் வரலாறு கேட்ட ஒரு சிறுவன் பழக்கதோஷத்தில் கூடவே வந்திருந்தான். அவன் அம்மாவும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நல்ல வேளை.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தோட்டத்துக்குள் நுழைவு இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம். பெரியம்மாவும் பேரனும் 'மற்றவர்கள்'. இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் மாமா தன் வரலாற்றின் அடுத்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார், அதுவும் தவறான நேரத்தில்.

இந்த இடம் ஒரு காலத்தில் பிரின்செப் என்ற வெள்ளைக்காரரின் ஜாதிக்காய்த் தோட்டம். அரசாங்கம் நிலத்தை வாங்கி 1867 முதல் 1869 வரை ஆளுநருக்கு மாளிகை எழுப்பியது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். 1825இலிருந்தே அவர்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். சிராங்கூன் ரோடு பக்கம் செங்கல் சூளை போட்டுச் செங்கல் அறுத்ததும் அவர்கள்தான். மேற்பார்வை மெக்நேர் என்ற பொறியாளர். கைதிகளுக்குக் காவலாக அவர்களிலேயே நன்னடத்தைக்காரர்களைப் பொறுக்கி நியமித்தார்கள், செலவு மிச்சம் என்று. அந்த ஏற்பாட்டைப் பற்றி மெக்நேர் பின்னால் ஒரு புத்தகமே எழுதினார். பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதுக்குக் காவல் வைத்துவிட்டு ஐஸ்கிரீம் வரிசைக்குப் போகும் எந்த அம்மாவுக்கும் இந்த நிர்வாக முறை புதிதல்ல.

பெரியம்மா முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்து, "கட்டுனது நம்மாளு. எனக்கு டிக்கெட்டா?" என்றார்.

"அக்கா, எல்லாரும் தமிழாளுங்க இல்ல. வங்காளத்துக்காரங்க, பம்பாய்ப் பக்கத்து ஆளுங்க..."

"எல்லாம் நம்மாளுதான்டா. அதுவும் இன்னைக்கு என்ன நாளு? தொழிலாளர் தினம்."

வாதம் இரும்புபோல இருந்தது. வெலவெலத்துப்போய் நான் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்தேன். ஆச்சரியம், பெரியம்மா முகம் மலர்ந்துவிட்டது. எங்களிடம் உள்ளே போனதற்குச் சாட்சியே இல்லை. அவரிடம் அச்சடித்த சாட்சி இருக்கிறது. சுருக்குப்பையில், திருப்பதி பிரசாதப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மதுரையில் எத்தனை வீட்டு வாசலுக்கு அந்தச் சீட்டு ஊர்வலம் போகும் என்று எனக்குத் தெரியும்.

பைச் சோதனையில் இளம் அதிகாரி ஒருவர் எவர்சில்வர் அடுக்கைத் திறக்கச் சொன்னார். புளியோதரை வாசம் எழுந்து அந்தக் கூடாரத்தையே நிறைத்தது. பணிவாக மூடச் சொன்னார். "ஒரு வாய் சாப்பிடுங்க தம்பி, காலையில என்ன தின்னீங்களோ" என்றார் பெரியம்மா. பணியில் இருக்கிறேன் பாட்டி என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழாக்கம் செய்தேன். "பணியில இருந்தா பசிக்காதா?" என்று வந்த பதிலை ஆங்கிலமாக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

உள்ளே போய்விட்டால் எல்லாம் மறந்துபோகும். அது அப்படிப்பட்ட புல்வெளி. அன்னம் நீந்தும் குளம், ஒருவரால் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள், மேட்டின் மேல் வெள்ளை மாளிகை. மலாய்க் குடும்பங்கள் பெருநாள் உடையில் ஒரே நிறமாக, சீனப் பாட்டிகள் குடை நிழலில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் புதுச் சட்டையில் ஊருக்குக் காணொளி அழைப்பு போட்டபடி. எங்கள் பாயும் விரிந்தது. பக்கத்துப் பாய்க்காரர்கள் ரெண்டாங் வைத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் புளியோதரையும் ரெண்டாங்கும் எல்லை தாண்டின. யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. மதுரைப் பேரன் என் மகனோடும் அந்தப் பாய்ப் பையனோடும் சேர்ந்து மேட்டிலிருந்து உருண்டான். மறுபடி ஏறி உருண்டான். எத்தனையோ வெள்ளி கொடுத்து எங்கெங்கோ ஏறுகிற ராட்டினத்தில் கிடைக்காத சிரிப்பு அது என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று ராட்டினம் இருந்திருந்தால் அதற்குத்தான் ஓடியிருப்பான்.

அதிபர் இப்படிப்பட்ட நாள்களில் கூட்டத்துக்கு நடுவே வந்து கைகுலுக்கிப் பேசுவது வழக்கம். அதற்காகத்தான் பெரியம்மா பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். இரண்டு மணி நேரம் கண்ணை மேட்டிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "ஒரு நிமிஷம், கால் கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து போனார். அந்த ஒரு நிமிடத்தில்தான் தூரத்தில் சலசலப்பு, கைதட்டல், தூக்கிப் பிடித்த கைப்பேசிகள். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். சித்தி படம் எடுத்தாள். படத்தில் ஒரு குடையும் யாரோ ஒருவரின் முழங்கையும் தெளிவாக விழுந்திருந்தன. பெரியம்மா திரும்பி வந்தபோது கூட்டம் மறுபக்கம் நகர்ந்துவிட்டது.

சொல்லத் துணிச்சல் யாருக்கும் இல்லை. என் மகன்தான் சொன்னான். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சித்தியின் கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "கை நல்ல கை. உழைச்ச கை" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த முழங்கை யாருடையது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தது. மே மாத இடிமழை இந்த ஊரில் நேரம் சொல்லி வைத்துக்கொண்டு வரும். பாய் சுருட்டுவதற்குள் கொட்டியது. ஐந்து குடை எடுத்து வந்திருந்தோம். ஐந்தும் வெயிலில் வாடகைக்குப் போனதுபோல் வெவ்வேறு பாய்களில் இருந்தன. புதுச் செருப்புகளை அத்தையும் சித்தியும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலில் ஓடினார்கள். செருப்பு நனையக்கூடாதாம்.

டோபி காட் நிலையத்துக்குள், நனைந்த உடம்பில் குளிர்காற்று அடிக்க, அவரவர் நிறத்துக்குப் பிரிகிற இடத்தில் நின்றோம். அங்கிருந்தே பெரியம்மா மதுரைக்கு அழைத்து நாள் முழுவதையும் ஒப்பித்தார். மாளிகை பற்றி ஒரு வரி. அன்னம் பற்றி ஒரு வரி. கழிப்பறை எவ்வளவு சுத்தம், தரை எப்படிக் காய்ந்திருந்தது, சோப்பு எந்தப் பக்கம் இருந்தது என்பது பற்றி நாலு நிமிடம். "எல்லாம் ஃப்ரீடி! எங்க ரெண்டு பேருக்கு மட்டும் மரியாதையா டிக்கெட் குடுத்தாங்க."

மாமா அடுத்த நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். ஃபோர்ட் கேனிங் குன்றில் புல்தரையில் உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சிகள் வரும். தேசிய அரும்பொருளகம் 2013இலிருந்து நமக்கெல்லாம் இலவசம். ஆகஸ்டில் தேசிய தினம். அதே மாதம் இதே சுற்றுவட்டாரத்தில் இரவு விழா நடக்கும், 2008இல் ஆரம்பித்தது, அரும்பொருளகச் சுவர் முழுக்க ஒளிப்படம் ஓடும்.

"ஆகஸ்ட்டா?" பெரியம்மா யோசித்தார். "அப்ப அந்த அணிவகுப்புப் பையும் ஆகஸ்டுலதான? இருந்து ஒண்ணு வாங்கிட்டே போறேனே."

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத என் வீட்டுக்காரர் ஐந்து பைகளையும் மெதுவாகக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார். "பெரியம்மா, விசிட் பாஸ் 30 நாள்தான் குடுத்திருக்காங்க."

"அதுக்கென்ன மாப்ள," என்றார் பெரியம்மா, "நீட்டிச்சுக்கலாமாம். எப்படின்னு நேத்தே இவன் கம்ப்யூட்டர்ல பாத்து வச்சிட்டான்."

மாமா தன் வண்டி வந்துவிட்டதாகச் சொல்லி, எந்த வண்டியும் நிற்காத நடைமேடையை நோக்கி வேகமாக நடந்தார்.